‘புதிய’ என்ற ஒரு சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வடகிழக்கு பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நாகாலாந்து விஷயத்தில் எனக்கு ஒரு குழப்பம். 1963-லேயே தனி மாநிலம் கொடுத்தாகிவிட்டது. சட்டசபைத் தேர்தலில் 80 சதவீதத்துக்கு மேல் ஓட்டுப் போடுகிறார்கள். ராணுவத்திலும் அரசு வேலைகளிலும் நாகர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் 1997-லிருந்து பேச்சுவார்த்தை ஓடிக்கொண்டே இருக்கிறது. 2015-ல் டெல்லியில் பிரதமர் முன்னிலையில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அரசு தரப்பில் கையெழுத்திட்ட ஆர்.என். ரவி பிறகு நம் மாநிலத்துக்கு ஆளுநராக வந்ததால் அந்தச் செய்தி மனதில் நின்றுவிட்டது. கையெழுத்தான பிறகும் ஏன் முடியவில்லை? துப்பாக்கி வைத்திருப்பவர்களோடு இத்தனை வருடம் பேசிக்கொண்டிருப்பது ஓர் அரசின் பலவீனம்தானே?

டிசம்பரில் ஹார்ன்பில் திருவிழாவுக்குப் போகலாம் என்று நண்பர்களோடு திட்டம். போகலாமா? அங்கே எதைப் பார்க்க வேண்டும்?

அன்புடன்,
ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

2015 ஆகஸ்ட் 3 அன்று கையெழுத்தான அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்பது ஐந்து வருடம் வெளியே தெரியவில்லை. 2020 ஆகஸ்டில், அரசோடு பேசிவந்த நாகா ஆயுத இயக்கமான என்.எஸ்.சி.என். (ஐ.எம்.)தான் அதை வெளியிட்டது. சின்ன ஆவணம். இறையாண்மை அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்வது, இரு அமைப்புகளும் அமைதியாகச் சேர்ந்து வாழ்வது, நீடித்த, எல்லோரையும் உள்ளடக்கிய ‘புதிய’ உறவு. சாரம் இவ்வளவுதான். ரவி மற்ற நாகா குழுக்களிடம் காட்டிய பிரதியில் அந்தப் ‘புதிய’ என்ற சொல்லை எடுத்துவிட்டார் என்பது இயக்கத்தின் குற்றச்சாட்டு.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு சண்டையா என்று தோன்றும். ‘புதிய உறவு’ என்றால், இதுவரை தனித்தனியாக இருந்த இருவர் இனிமேல்தான் உறவுக்குள் வருகிறார்கள் என்று இயக்கத்தினர் படிப்பார்கள். ‘புதிய’ போய்விட்டால், ஏற்கெனவே இருக்கிற உறவு இன்னும் கொஞ்சம் நல்லபடியாகத் தொடர்கிறது, அவ்வளவுதான். முதல் வாசிப்பில் நாகாலாந்து இந்தியாவோடு சேர ஒப்புக்கொள்கிற தரப்பு. இரண்டாவதில் அது இந்தியாவின் ஒரு மாநிலம். இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரான முய்வா ஒன்றைப் படித்துக் கையெழுத்திட்டார், டெல்லி இன்னொன்றைப் படித்துக் கையெழுத்திட்டது என்றே நான் நினைக்கிறேன். தனிக்கொடியும் தனி அரசியல் சட்டமும் வேண்டும் என்று அவர்கள் பிடிவாதமாக நிற்பதும், கொடுக்க முடியாது என்று அரசு நிற்பதும் இந்த இரண்டு வாசிப்புகளிலிருந்து வருபவை.

இதே சொல் இதற்கு முன்பும் ஒருமுறை வந்திருக்கிறது. 1947 ஜூன் இறுதியில் அசாம் ஆளுநர் அக்பர் ஹைதரி கோஹிமாவுக்கு வந்து, நாகர்களின் அரசியல் அமைப்பான நாகா தேசிய கவுன்சிலோடு ஒன்பது அம்ச ஒப்பந்தம் ஒன்றை எழுதினார். நிலம், நீதி, வரி எல்லாம் பேசி முடித்து ஒன்பதாவது அம்சத்துக்கு வந்தார்கள். பத்து வருடம் கழித்து, இதையே நீட்டிக்கலாமா அல்லது நாகா மக்களின் எதிர்காலம் குறித்துப் புதிய ஒப்பந்தம் ஒன்று செய்துகொள்ளலாமா என்று கவுன்சிலிடம் கேட்கப்படும். பத்து வருடத்தில் விரும்பினால் நாம் வெளியேறிவிடலாம் என்று நாகர்கள் படித்தார்கள். இந்தியாவுக்குள்ளேயே வேறு ஓர் ஏற்பாடு என்று டெல்லி படித்தது. ஹைதரி 1948 டிசம்பரில் இறந்துபோனார். எழுதிய சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்க ஆளும் இல்லாமல் போயிற்று.

அப்புறம் நடந்தவை வேகமானவை. 1951-ல் கவுன்சில் தானே ஒரு மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, கிட்டத்தட்ட எல்லோரும் சுதந்திரம் கேட்டார்கள் என்றது. 1952 பொதுத்தேர்தலை நாகர்கள் புறக்கணித்தார்கள். 1953 மார்ச்சில் நேரு பர்மியப் பிரதமர் ஊ நூவோடு கோஹிமா வந்தார். மனு கொடுத்துப் பேசவேண்டும் என்று மக்கள் காத்திருந்தார்கள். மாவட்ட அதிகாரி அனுமதிக்கவில்லை. மைதானத்தில் கூடியிருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அந்த ஒரு மனுவை வாங்கியிருக்கலாம் என்று எனக்கு எப்போதும் தோன்றும். அடுத்த மூன்று வருடங்களுக்குள் ராணுவம் மலையேறியது. கிராமங்கள் எரிந்தன, மக்களை ஓரிடத்தில் சேர்த்துக் காவலுக்குள் வைத்தார்கள், 1958-ல் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் வந்தது. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வருவதற்கு முன்பே, பல கிராமங்களுக்கு ‘இந்தியா’ என்பது துப்பாக்கியோடு வந்த ஒன்றாக இருந்தது.

இயக்கத்தின் பக்கமும் ரத்தக்கறை உண்டு, அதைச் சொல்லாமல் விட மாட்டேன். ஆயுதம் வேண்டாம் என்று சொன்ன கவுன்சில் செயலாளர் ஸாக்ரி 1956 ஜனவரியில் சொந்த இயக்கத்தவராலேயே கொல்லப்பட்டார். இந்தியாவோடு பேசி மாநிலத்துக்கு வழிசெய்த நாகா மக்கள் மாநாட்டின் தலைவர் இம்கோங்லிபா ஆவ் 1961 ஆகஸ்டில் சுடப்பட்டார். அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து, 1963 டிசம்பர் 1 அன்று நாகாலாந்து பிறந்தது. நீங்கள் சொல்லும் தனி மாநிலம் அதுதான். ஆனால் அது யாரோடு செய்த ஒப்பந்தம்? ஆயுதம் எடுக்காதவர்களோடு செய்தது. ஆயுதம் எடுத்தவர்கள் காட்டிலேயே இருந்தார்கள். இன்னொரு தகவலும் உண்டு. 1972 வரை அந்த மாநிலத்தின் விவகாரங்களை டெல்லியில் கவனித்தது வெளியுறவு அமைச்சகம். உள்துறை இல்லை. சொந்த மாநிலம் என்று நாம் சொன்னதை நம் அரசே எந்த அலமாரியில் வைத்திருந்தது என்று பாருங்கள்.

1964-ல் நாகாலாந்து பாப்டிஸ்ட் திருச்சபை முன்கை எடுத்து ஓர் அமைதிக்குழு அமைந்தது. ஜெயப்பிரகாஷ் நாராயண், அசாம் முதல்வர் சாலிஹா, மைக்கேல் ஸ்காட் பாதிரியார். செப்டம்பர் 6 அன்று போர்நிறுத்தம் வந்தது. குழு ஒரு யோசனை வைத்தது: நாகர்களின் சுயநிர்ணய ஆசை நியாயமானது, இந்தியாவின் ஒற்றுமை பற்றிய அரசின் கவலையும் நியாயமானது, ஆகவே நாகர்கள் ‘தாங்களாகவே விரும்பி’ இந்திய ஒன்றியத்தில் பங்கேற்கலாம். எனக்குத் தெரிந்து இவ்விவகாரத்தில் எழுதப்பட்ட வாசகங்களில் இதுதான் நேர்மையானது. ஆனால் அதன்மேல் உடன்பாடு வரவில்லை. குழு கலைந்தது, ஸ்காட் 1966-ல் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார்.

அந்த ‘தாங்களாகவே விரும்பி’ 1975 நவம்பர் 11 அன்று ஷில்லாங்கில் மீண்டும் வந்தது. தலைமறைவு அமைப்புகளின் பிரதிநிதிகள் தாங்களாகவே விரும்பி, நிபந்தனையின்றி, இந்திய அரசியல் சட்டத்தை ஏற்கிறார்கள் என்று எழுதினார்கள். நெருக்கடி நிலைக் காலம் அது. நாகா தேசிய கவுன்சிலின் தலைவர் பிஸோவின் தம்பி கையெழுத்திட்டவர்களில் ஒருவர். லண்டனில் இருந்த பிஸோ வாய் திறக்கவில்லை. அவர் ஏற்றிருந்தாலும் சரி, மறுத்திருந்தாலும் சரி, ஒரு வழி பிறந்திருக்கும். அந்த மௌனத்திலிருந்துதான் 1980 ஜனவரியில் ஐசக் சூ, முய்வா, கப்லாங் மூவரும் என்.எஸ்.சி.என்.-ஐத் தொடங்கினார்கள். 1988-ல் அதுவும் உடைந்தது, ஐசக்கும் முய்வாவும் நின்ற பிரிவுதான் ஐ.எம். பிறகு நாகர்களே நாகர்களைக் கொன்ற வருடங்கள் வந்தன. அந்தக் காலத்தைப் பற்றி அங்கே யாரும் உரக்கப் பேசுவதில்லை.

2001-ல் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொற்கள் அங்கே ஆளையே கொன்றன. முய்வா மணிப்பூரின் தாங்குல் நாகர். அங்குள்ள நாகா மலைகளையும் சேர்த்த தேசம் என்பது அவர்கள் கோரிக்கை. அந்த ஜூனில் பாங்காக்கில், அரசோடு 1997-ல் வந்த போர்நிறுத்தத்தை நீட்டித்தபோது ‘பிரதேச எல்லை இன்றி’ என்று சேர்த்தார்கள். தங்கள் மாநிலம் துண்டாடப்படுகிறது என்று மணிப்பூர் தலைநகர் இம்பாலின் மெய்தேய் மக்கள் படித்தார்கள். ஜூன் 18 அன்று சட்டசபைக் கட்டடம் எரிந்தது, துப்பாக்கிச்சூட்டில் 18 பேர் இறந்தார்கள். அடுத்த மாதம் அந்தச் சொற்களை அரசு திரும்பப் பெற்றது. அப்போது நாகர்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தார்கள்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இது. பேசுவதைப் பலவீனம் என்று நான் நினைக்கவில்லை. இருவரும் இரண்டு விதமாகப் படித்துக்கொள்ளட்டும், இப்போதைக்குக் கையெழுத்து ஆகட்டும் என்று எழுதுவதுதான் பலவீனம். எழுதும் அன்றைக்கு அது சாமர்த்தியமாகத் தெரிகிறது. அதற்கான விலையை இருபது வருடம் கழித்து வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

1997 போர்நிறுத்தத்தால் பெரிய நன்மை நடந்தது, அதை மறுக்கக் கூடாது. ஒரு தலைமுறை ராணுவத்தோடான போர் இல்லாமல் வளர்ந்திருக்கிறது. ஆனால் தீர்வு வராத போர்நிறுத்தம் தானே ஓர் ஆட்சிமுறை ஆகிவிட்டது. திமாப்பூரில் கடை வைத்திருப்பவர் மாநில அரசுக்கும் மத்திய அரசுக்கும் வரி கட்டுகிறார். பிறகு ஒவ்வொரு குழுவும் தன் ‘அரசின்’ பெயரில் கேட்கும் வரியையும் கட்டுகிறார். குழு உடைந்து இரண்டானால் வரியும் இரண்டாகிறது. 2013 அக்டோபர் 31 அன்று திமாப்பூரில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடி ‘ஒரே அரசு, ஒரே வரி’ என்று கேட்டார்கள். எந்தக் கொடி என்பதைவிட எத்தனை ரசீது என்பதே அவர்களின் கவலையாக இருந்தது. 2020-ல் நாகாலாந்து ஆளுநராக இருந்த ரவியே ஆயுதக் குழுக்கள் வசூல் நடத்துவது பற்றி முதல்வருக்குக் கடுமையான கடிதம் எழுதினார். எங்கள் வரி மிரட்டிப் பறிப்பது அல்ல, ஒரு தேசத்தின் உரிமை என்றது இயக்கம். அதோடு இருவருக்கும் இடையே இருந்த பேச்சு முறிந்தது. 2021 செப்டம்பரில் அவர் சென்னைக்கு வந்தார்.

அமைதியை உண்மையில் நடத்திக் காட்டியவர்கள் வேறு ஆட்கள். தாங்குல் நாகர்களிடம் பழைய காலத்தில் ‘புக்ரெய்லா’ என்றொரு நிலை இருந்தது. வேறு கிராமத்தில் கல்யாணம் செய்துகொடுக்கப்பட்ட பெண். பிறந்த ஊருக்கும் புகுந்த ஊருக்கும் சண்டை மூண்டால் அவள் நடுவே வந்து நிற்கலாம், இறந்தவர்களை எடுத்துப்போக வழிசெய்யலாம், சண்டையை நிறுத்தச் சொல்லலாம். அவள்மேல் இரண்டு தரப்பும் கை வைக்கக் கூடாது. அவளுக்கு இரண்டு பக்கமும் உறவு, இரண்டு பக்கமும் சாவு. 1984-ல் உருவான நாகா தாய்மார் சங்கத்தைப் பார்க்கும்போது எனக்கு அவள்தான் நினைவுக்கு வருகிறாள். 1994-ல் ‘இனியும் ரத்தம் சிந்த வேண்டாம்’ என்று அவர்கள் தொடங்கிய இயக்கம் ராணுவத்திடம் மட்டும் பேசவில்லை, ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த குழுக்களின் முகாம்களுக்கும் போனது. 2008-ல் திருச்சபைக்காரர்கள் முன்னின்று நாகா நல்லிணக்க மன்றத்தைத் தொடங்கினார்கள். மறு வருடம் எதிரெதிர்க் குழுத் தலைவர்கள் ஒரே தாளில் கையெழுத்திட்டார்கள். நாகர்கள் நாகர்களைக் கொல்வது அதற்குப் பிறகு வெகுவாகக் குறைந்தது. அந்தத் தாளில் இறையாண்மை பற்றிய சிக்கலான சொற்கள் கிடையாது. மன்னிப்பு என்ற சொல் உண்டு.

இந்தத் தாய்மார்களுக்கு 2017-ல் நகராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடம் கொடுப்பதை ஆண்கள் கலவரம் செய்து தடுத்தார்கள். மாநிலம் பிறந்து அறுபது வருடம் கழித்து, 2023-ல்தான் முதல்முறையாக இரண்டு பெண்கள் சட்டசபைக்குள் போனார்கள். சரி, அதைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும்.

தனி மாநிலம் கொடுத்தாகிவிட்டது என்றீர்கள். 2021 டிசம்பர் 4 மாலை மோன் மாவட்டத்தில் நிலக்கரிச் சுரங்க வேலை முடித்து, சனிக்கிழமை என்பதால் வீட்டுக்கு ஒரு பிக்கப் வண்டியில் திரும்பிய ஓட்டிங் கிராமத்து ஆட்கள்மேல் ராணுவத்தின் சிறப்புப் படை சுட்டது. 6 பேர் இறந்தார்கள். தேடிவந்த ஊர்க்காரர்களோடு மோதலாகி மேலும் 7 பேர், ஒரு வீரர். மறுநாள் மோன் நகரில் இன்னொருவர். ஆள் தெரியாமல் சுட்டுவிட்டோம் என்று அரசே ஒப்புக்கொண்டது. மாநிலப் போலீஸ் விசாரித்து 30 ராணுவத்தினர்மேல் குற்றப்பத்திரிகை போட்டது. வழக்கு நடத்த அந்த 1958 சட்டப்படி வேண்டிய அனுமதியை மத்திய அரசு தரவில்லை. 2024 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. மாநிலத்தின் சட்டசபை உண்டு, போலீஸ் உண்டு, குற்றப்பத்திரிகை உண்டு. ஆனால் தன் மக்கள் 14 பேரின் சாவுக்கு ஒருவரைக்கூடக் கூண்டில் ஏற்ற முடியவில்லை. மோன் பகுதியில் வாழும் கொன்யாக் நாகர்களின் கிராமம் ஒன்றில் இருக்கும் ஒரு பையனுக்கு இந்த மாநிலத்தின் அதிகாரத்தை நீங்கள் எப்படி விளக்குவீர்கள்? எனக்கு விளக்கத் தெரியவில்லை.

ஹார்ன்பில் திருவிழாவுக்குக் கட்டாயம் போங்கள். இன்னர் லைன் பெர்மிட் வேண்டும், இணையத்திலேயே எடுக்கலாம். 1873-ல் வெள்ளைக்காரர்கள் போட்ட விதியிலிருந்து வந்த அனுமதிச் சீட்டு அது. திருவிழா நடக்கும் கிசாமா கோஹிமாவிலிருந்து பக்கம்தான். ஒருநாள் மிச்சம் வைத்து கோனோமாவுக்குப் போய்வாருங்கள். படிப்படியாக நெல்வயல்கள், வேட்டையை ஊரே சேர்ந்து நிறுத்திய காடு. அங்காமி நாகர்களின் கிராமம் அது, 1879-ல் வெள்ளைக்காரர்களை எதிர்த்து நின்ற ஊர். பிஸோவின் ஊரும் அதுதான், ஸாக்ரியின் ஊரும் அதுதான். பெரியவர்கள் யாராவது உட்கார்ந்து பேசத் தயாராக இருந்தால் அந்த இரண்டு பெயர்களையும் சேர்த்தே கேளுங்கள். ஒன்றை மட்டும் கேட்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்