வகுப்பில் பொங்கிய மாவு என் வீட்டில் ஏன் பொங்கவில்லை?

கேள்வி: வேலைக்காகப் பெங்களூரில் தனியே தங்கியிருக்கிறேன். சென்னையிலிருந்து நடக்கும் ஆன்லைன் சமையல் வகுப்பில் இட்லி மாவு அரைக்கப் பழகுகிறேன். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, எட்டு மணி நேரம் புளிக்க வைப்பது, எல்லாம் அவர்கள் சொன்னபடிதான். ஆனாலும் இட்லி தட்டையாக, கல் மாதிரி வருகிறது. மிக்ஸிதான் இருக்கிறது. எங்கே தவறு?

பதில்: அளவில் தவறில்லை. எட்டு மணி நேரக் கணக்குதான் உங்கள் ஊருக்கு ஒத்துவராது. மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர்கள் 28 முதல் 32 டிகிரி வெப்பத்தில் நன்றாக வேலை செய்யும். சென்னையில் அது தானாகக் கிடைக்கும். பெங்களூரில் டிசம்பர் இரவு 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். அதே மாவுக்கு 14 மணி நேரம்கூடப் பிடிக்கலாம். ஆகவே கடிகாரத்தை விட்டுவிட்டுப் பாத்திரத்தைப் பாருங்கள். கரைத்ததும் மாவு நிற்கும் மட்டத்தில் வெளிப்பக்கம் ஒரு டேப் ஒட்டுங்கள். ஒன்றரை மடங்குக்கு மேல் எழும்பி, கரண்டியால் ஓரத்தை விலக்கினால் உள்ளே ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தால் தயார். ஓவன் இருந்தால் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் போட்டு, அதற்குள் வைக்கலாம்.

அடுத்த சந்தேகம் மிக்ஸி மேல். கிரைண்டர் உளுந்தை மெதுவாக அரைத்துக் காற்றேற்றும். மிக்ஸி சூடேற்றிவிடும், மாவு பந்து போல உப்பி வராது. 400 கிராம் இட்லி அரிசிக்கு 100 கிராம் முழு வெள்ளை உளுந்து, அரை டீஸ்பூன் வெந்தயம். அரிசி நாலு மணி நேரம் ஊறட்டும். உளுந்தையும் வெந்தயத்தையும் ஒன்றாக ஊற வைத்து, கடைசி ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, 30 விநாடிக்கு ஒருமுறை நிறுத்தி அரையுங்கள். ஒரு சொட்டை டம்ளர் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் அரைபடவில்லை. ஒருவேளை பழைய உளுந்தாக இருந்தால் எவ்வளவு அரைத்தாலும் உப்பி வராது, கடையை மாற்றுங்கள். அரிசி மெல்லிய ரவை பதத்தில் இருந்தால் போதும்.

இந்த மிதக்கும் சோதனையை நேரலை வகுப்பிலேயே கேமரா முன்னால் செய்து காட்டுங்கள். "எத்தனை நிமிடம்?" என்று கேட்பதைவிட "இந்தப் பதம் சரியா?" என்று கேட்டால்தான் ஆசிரியரால் உதவ முடியும். புளித்த மாவைப் பதிவு செய்த வீடியோவில் பார்ப்பதில் பெரிய பயனில்லை. காலையில் உங்கள் பாத்திரத்தைப் படமெடுத்து அனுப்பிக் கருத்துக் கேளுங்கள்.

உப்பு புளிப்பைத் தாமதப்படுத்தும். குளிர் நாளில் மாவு பொங்கிய பிறகு, இந்த அளவுக்கு ஒன்றரை டீஸ்பூன் போட்டு மெதுவாகக் கிளறுங்கள். அடித்துக் கலக்கினால் காற்றெல்லாம் போய்விடும். நன்றாகப் பொங்கிய மாவிலும் தட்டை இட்லி வருவதற்கு இதுவே காரணம். தண்ணீர் கொதித்த பிறகே இட்லித் தட்டை உள்ளே வைத்து, 10 முதல் 12 நிமிடம் வேக வையுங்கள். இறக்கி இரண்டு நிமிடம் ஆறவிட்டு எடுத்தால் தட்டில் ஒட்டாது.