ஸ்வெட்டர் நன்றாகப் பின்னுவேன், நூலையும் நானே நூற்கக் கற்றுக்கொள்ளலாமா?

கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் நூல் வாங்கும் காசு மிச்சமாகும் என்ற எண்ணம் இருந்தால் வேண்டாம். நீங்கள் அப்படிக் கேட்கவில்லைதான், இருந்தாலும் என்னிடம் கேட்கிற பலருக்கும் மனதில் அதுதான் இருக்கிறது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் குன்னூர். 30 வருடமாகப் பின்னுகிறேன். நூற்பு ஆசை எனக்கு ஒரு கோபத்தில் வந்தது. நாத்தனார் பேரனுக்குப் பின்னலாம் என்று ஒரு கடையில் அசல் கம்பளி என்று சொன்ன நூலை வாங்கி வந்தேன். பாதி பின்னும்போதே விரலுக்குச் சந்தேகம். ஒரு துண்டை நறுக்கித் தீக்குச்சியில் காட்டினேன். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், நெருப்பை எடுத்ததும் அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். இதுவோ உருகி, ஆறியதும் கறுப்பு மணி மாதிரி கெட்டியாக நின்றது. அக்ரிலிக். அக்ரிலிக் மட்டம் என்று நான் சொல்லவில்லை, துவைக்கச் சுலபம், நானே நிறையப் பின்னியிருக்கிறேன். ஆனால் கம்பளி விலையை வாங்கிக்கொண்டு, பச்சைக் குழந்தை உடம்பில் படுகிற நூலில் பொய் சொல்லலாமா? போய்க் கேட்டால் "குளிர் தாங்கினா போதாதா மேடம்" என்கிறார்கள். இன்றுவரை ஆறவில்லை எனக்கு.

அப்புறம்தான் ஊட்டிப் பக்கம் ஆடு வளர்க்கும் தெரிந்தவரிடம் போனேன். நீலகிரி செம்மறி ஆடு என்றே ஒரு இனம் உண்டு, 19ஆம் நூற்றாண்டில் நம் நாட்டு ஆட்டோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் எல்லாம் கலந்து இந்த மலையில் உருவானது, மயிர் மெல்லியது. கத்தரித்ததை வாங்க ஆள் வருவதில்லை என்று ஒரு கிலோவைச் சும்மாவே கொடுத்தார். அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் போய் 600 கிராம்கூடத் தேறவில்லை, அதிலும் ஒரு பங்கைச் சுடுதண்ணீரில் போட்டுக் கசக்கி, பச்சைத் தண்ணீரில் அலசியதில் முழுக்கச் சிக்கி, தட்டையான கம்பளித் துண்டாகிவிட்டது. சுடுதண்ணீரில் ஊறவிடலாம், கசக்கக் கூடாது, அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும்.

அடுத்தது நூற்பு. கையால் சுழற்றி நூல் நூற்கிற குச்சிதான் கதிர். கதிரைச் சுழற்றி விட்டால் இரண்டு சாண் நூல் வருவதற்குள் அறுந்து 'டொக்' என்று தரையில் விழும். ஒரு வாரம் இதே கதை. நாற்காலியில் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, வயது 80, "இங்க குடு" என்று வாங்கினார். அவர் படித்த பள்ளிக்கூடத்தில் தக்ளி (பஞ்சு நூற்கும் சின்னக் கைக்கதிர்) வகுப்பு இருந்ததாம், கொட்டாங்குச்சியில் தக்ளியை நிறுத்திப் பஞ்சு நூற்றிருக்கிறார். எங்களிடம் இதைச் சொன்னதே இல்லை. இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கம்பளியைக் கிள்ளிப் பிடித்திருந்தன, முறுக்கு அந்தக் கிள்ளலைத் தாண்டி மேலே ஏறவே இல்லை. "முறுக்கு ஏறறதுக்குள்ள இழுக்கற கண்ணு. நிறுத்து, ஏறட்டும், அப்புறம் விடு." காபி டம்ளரைப் பிடிக்கும்போது நடுங்குகிற அதே கை, அப்போது நடுங்கவில்லை.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். கதிரைச் சுழற்றி முறுக்கேற்றி, முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திவிட்டு மயிரை இழுத்துவிடுங்கள், அவசரமே வேண்டாம். எடுத்தவுடன் பருத்தியில் கை வைக்காதீர்கள், இழை குட்டை. (ராட்டை இல்லாமல் நூற்பா என்று சிலர் வருவார்கள். ராட்டை வாங்க வசதியும் இடமும் இருந்தால் வாங்குங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை.) பின்னுகிறவர் என்பதால் இதையும் சொல்கிறேன்: ஒற்றை இழையில் பின்னினால் துணி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடலாம். இரண்டு இழையை எதிர்ப்பக்கமாக முறுக்கிச் சேர்த்த பிறகே ஊசியில் ஏற்றுங்கள்.

மூன்று மாதத்தில் எனக்கு ஒரு மங்கி கேப்புக்குத்தான் நூல் சேர்ந்தது. அப்பா போட்டுக்கொள்கிறார். இடது காதுப் பக்கம் மட்டும் நூல் கொஞ்சம் சன்னமாக, ஒரே சீராக இருக்கும், அது அவர் நூற்றது.