பாக்கு நீரிணையைக் கடந்தவர்களும் கடப்பவர்களும்: கேள்வி பதில்

கேள்வி (ஈரோடு): தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்தான். அப்படியிருக்க, இலங்கைக்குக் கப்பலை நாகப்பட்டினத்திலிருந்து விடுவானேன்?

பதில்: தூரம் குறைந்த இடத்தில் ஆழமும் குறைவு. இராமர் சேது என்றும் ஆதாம் பாலம் என்றும் சொல்லப்படும் மணல்திட்டு வரிசையில் பல இடங்களில் ஆளுயரத் தண்ணீர்கூட இராது. திட்டுகளுக்குச் சற்று வடக்கே முன்பு கப்பல் ஓடியது உண்மை. ஆனால் அதற்கென இருந்த தனுஷ்கோடித் துறையை 1964 புயல் அழித்துவிட்டது. நாகப்பட்டினத்தில் துறைமுகமும், சுங்கச் சோதனைக்கும் குடிவரவுச் சோதனைக்கும் வேண்டிய வசதியும் இருக்கின்றன. எதிர்க்கரையில் காங்கேசன்துறையில் இறங்கினால் யாழ்ப்பாணம் கிட்டத்தில். இடைவெளி ஏறத்தாழ 110 கிலோமீட்டர். நான்கு மணி நேரம் பிடிக்கும். 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிய சேவை சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்னும் கப்பலுடன் மறுபடி தொடங்கியது. கடவுச்சீட்டு கட்டாயம், விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் பயணத்துக்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கண்டி): எங்கள் தாத்தா ‘போட் மெயில்’ என்று ஒன்றைச் சொல்வார். ரயில் கடல்மேலேயே கொழும்புக்குப் போனதா?

பதில்: போகவில்லை, ஆனால் எழும்பூரில் வாங்கிய ஒரே பயணச்சீட்டில் கொழும்பு வரை போக முடிந்ததால் அப்படியொரு பேச்சு நிலைத்துவிட்டது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்படும் வரை இலங்கைக்குப் போகிறவர்கள் தூத்துக்குடிக்குச் சென்று கப்பலேறினார்கள். பாலம் வந்தபின் ரயில் தனுஷ்கோடித் துறை வரை சென்றது. பயணிகள் அங்கே இறங்கி, ‘இர்வின்’, ‘கோஷன்’ போன்ற நீராவிக் கப்பல்களில் சுமார் இரண்டு மணி நேரத்தில் கடலைக் கடந்து, தலைமன்னார் இறங்குதுறையில் காத்திருந்த இலங்கை ரயிலில் ஏறினார்கள். மேல்வகுப்புப் பயணிக்குத்தான் இது இவ்வளவு எளிது. தோட்ட வேலைக்குப் போனவர்கள், காலராவும் அம்மையும் தீவுக்குள் நுழையாதபடி, மண்டபம் முகாமில் தடுத்து வைத்துச் சோதிக்கப்பட்ட பிறகே அனுப்பப்பட்டார்கள்.

1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும் வேளையில் அலை அதை வாரிக்கொண்டு போனது; அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பிறகு இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது. அதே 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய மலையகத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பெரும்பாலும் இந்தக் கப்பலில்தான் வந்திறங்கின. எண்பதுகளின் தொடக்கத்தில் போர் மூண்டதும் அதுவும் நின்றது.

கேள்வி (மதுரை): ‘கள்ளத்தோணி’ என்ற சொல் எங்கிருந்து வந்தது?

பதில்: அனுமதிச்சீட்டு இல்லாமல் இரவில் கடந்த தோணிகளுக்கு வந்த பெயர் அது. பின்னர் இலங்கையில், முறையாகப் பதிந்து, முகாமில் தங்கிச் சென்ற தோட்டத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகளையும் இழிவாகச் சுட்டும் வசைச்சொல்லாயிற்று. 1983க்குப் பிறகு திசை மாறியது: மன்னார்ப் பக்கத்திலிருந்து கையிலிருந்த நகையை விற்றுக் கூலி கொடுத்துப் படகேறிய அகதிகளை, ‘இந்தியா வந்துவிட்டது’ என்று சொல்லி நடுக்கடல் மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போன படகோட்டிகள் உண்டு. விடிந்தபின்தான் நாலாபுறமும் தண்ணீர் என்பது தெரியும். 2022இல் பொருளாதார நெருக்கடியின்போதும் திட்டுகளிலிருந்து இப்படிச் சிலரை மீட்டார்கள்.

கேள்வி (காரைக்குடி): கச்சத்தீவுக்குக் கடவுச்சீட்டு வேண்டாமாமே?

பதில்: ஆண்டுக்கு ஒருமுறை, பிப்ரவரி அல்லது மார்ச்சில் நடக்கும் அந்தோனியார் திருவிழாவுக்கு வேண்டாம். தீவை இலங்கைப் பக்கம் விட்ட 1974 ஒப்பந்தமே இதற்கு இடம் தருகிறது. முன்கூட்டியே பெயர் பதிந்து, இராமேசுவரத்திலிருந்து சோதனை முடிந்த படகில்தான் போக வேண்டும். குடிக்கத் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். 285 ஏக்கர் தீவில் அது கிடையாது.

கேள்வி (கோயம்புத்தூர்): எந்த மாதத்தில் கடல் அமைதியாக இருக்கும்?

பதில்: இராமேசுவரம் மீனவர்கள் பாக்கு விரிகுடாவைப் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள், ஒன்று ஆழமற்றது, மற்றொன்று அலை மிகுந்தது. ஆனால் வாடைக் காற்று வீசும் வடகிழக்குப் பருவத்தில் இந்தப் பெண் கடலும் சீறும். நாகைக் கப்பல் 2024 நவம்பரில் நின்று 2025 பிப்ரவரியில்தான் திரும்ப ஓடியது. எனவே பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை போவது நல்லது என்பேன்.

கேள்வி (சென்னை): நீந்திக் கடக்க முடியுமா?

பதில்: இரு நாட்டு அனுமதியும் துணைப்படகும் இருந்தால் முடியும். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை நவரத்தினசாமி 1954இல் தம் ஊரிலிருந்து கோடியக்கரை வரை நீந்தினார். அதே ஊர்க்காரரான ஆனந்தன் 1971இல் தலைமன்னார்–தனுஷ்கோடி வழியைப் போகவும் வரவும் நீந்தினார். 2022இல் பதின்மூன்று வயது ஜியா ராய் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடியின் முனையான அரிச்சல்முனைக்கு நீந்தி வர எடுத்துக்கொண்டது பதின்மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம். தொலைவைவிட, கரை கண்ணுக்குத் தெரிந்தபின் பக்கவாட்டில் இழுக்கும் நீரோட்டத்துக்கும், மீனவர்கள் சொறி என்று சொல்லும் ஜெல்லி மீனுக்கும்தான் நீந்துகிறவர் அஞ்ச வேண்டும்.