ட்யூப் பாட்டிலில் குமிழி வருவது பற்றி

தம்பி, வேலூரில் அப்பாவுக்கு நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்து நாலு நாள் ஆகியும், இருமும்போதெல்லாம் நெஞ்சில் போட்ட ட்யூபின் பாட்டிலில் குமிழி வருகிறது, பக்கத்துப் படுக்கைக்காரருக்கு மட்டும் ட்யூபை எடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒப்பீட்டை முதலில் விடுங்கள். வெட்டித் தைத்த இடத்தில் சின்னக் கசிவு இருந்தால் காற்று அப்படித்தான் வெளியேறும். 5 நாளைத் தாண்டினால்தான் நீடித்த கசிவு என்பார்கள். அதிலும் பெரும்பாலானவை தானாகவே அடைபடும்.

பாட்டிலை உற்றுப் பாருங்கள். குழாய் முனை தண்ணீருக்குள் முங்கியிருக்கும். மூச்சுக்கேற்ப அதனுள் நீர்மட்டம் ஏறி இறங்கினால் அடைப்பு இல்லை. (சக்ஷன், அதாவது காற்றை உறிஞ்சும் இணைப்பு, போட்டிருந்தால் இந்த ஆட்டம் தெரியாமல் போகலாம்.) சும்மா படுத்திருக்கும்போதும் விடாமல் கொப்பளித்தால் நர்ஸிடம் சொல்லுங்கள், இணைப்பு ஏதாவது தளர்ந்திருக்கலாம்.

பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேதான் இருக்கணும். எக்ஸ்ரேவுக்கு வீல்சேரில் போகும்போது மேலே தூக்கிப் பிடிக்க விடாதீர்கள், தண்ணீர் உள்ளே திரும்பும். குமிழி வரும் ட்யூபை நீங்களாக மடக்கவோ கிளாம்ப் போடவோ வேண்டாம். காற்று தேங்கி நுரையீரலை அமுக்கிவிடும்.

திடீர் மூச்சுத்திணறல், தொட்டால் நறநறக்கும் கழுத்து வீக்கம், பளிச்சென்ற ரத்தம், இவற்றில் எது வந்தாலும் உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், வலி மருந்து வேலை செய்யும் நேரத்தில் நடக்கவும் இருமவும் வையுங்கள். ட்யூபை எடுக்காமல், காற்றை வெளியே மட்டும் விடும் வால்வு வைத்த பையோடு வீட்டுக்கு அனுப்பினால் ஆற்காட்டுக்கு பஸ் வேண்டாம், கார் பிடியுங்கள்.