அடுப்படிக் கேள்விகள்: மீலி மீல் கூழ் கட்டி தட்டாமல் இருக்க

கேள்வி: அம்மா, கல்யாணமாகித் தஞ்சாவூரிலிருந்து டர்பன் வந்து எட்டு மாதம் ஆகிறது. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற வேண்டும், இப்போதே மீலி மீலில் (இங்கே கிடைக்கிற மக்காச்சோள மாவில்) செய்து பழகிக்கொள் என்கிறார் மாமியார். உப்புமாவுக்கு ரவை தூவுவது போலக் கொதிக்கிற தண்ணீரில் தூவிக் கிளறினேன். கட்டி கட்டியாகிவிட்டது, உடைத்தால் உள்ளே பச்சை மாவு. புளிப்பும் இல்லை. எங்கே தவறினேன்?
(வாசகி, ஃபீனிக்ஸ், டர்பன்)

பதில்: மகளே, தூவினாய் பார், அங்கேதான். ரவை குருணை, இது மாவு. கொதிநீர் பட்டதும் மேல்மாவு வெந்து பசையாகி மூடிக்கொள்ளும். அப்புறம் உள்ளே தண்ணீர் போக வழியில்லை. ஜூலுக்காரர்கள் உதிரி உதிரியாகச் செய்கிற பூத்துவுக்குத்தான் கொதிநீரில் மாவைக் கொட்டுவார்கள். நீ செய்ய வேண்டியது கூழ். ஊரில் கேழ்வரகு மாவை எப்படிக் கரைப்பாய்? அதே கைதான் இதற்கும்.

மாவு 1 கப். அதை 1½ கப் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொள். கடையில் 'சூப்பர்' என்று போட்ட பாக்கெட்டை வாங்கு, அதுதான் நைஸ். கனமான பாத்திரத்தில் 3½ கப் தண்ணீரை உப்புப் போட்டுக் கொதிக்கவிட்டு, கரைசலை அடியோடு கலக்கி, ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் கிளறு. ஊற்றிய முதல் இரண்டு நிமிடம் கையை எடுக்கவே கூடாது. கெட்டியானதும் தீயைக் குறைத்து மூடிவிடு. பாதி மூடியாக வைக்காதே: இது பொத்துப் பொத்தென்று வெடித்துத் தெறிக்கும், பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். பன்னிரண்டு வயதில் பட்ட தழும்பு என் மணிக்கட்டில் இன்னும் இருக்கிறது.

அரைமணி நேரம் வேகட்டும், நடுநடுவே அடிபிடிக்காமல் கிளறு. பலரும் பத்து நிமிடத்தில் கெட்டியாகிவிட்டது என்று இறக்கிவிடுகிறார்கள். கெட்டியாவது வேறு, வேகுவது வேறு. ஒரு துளியை நாக்கில் வைத்து மேலண்ணத்தில் தேய்த்துப் பார். நெறுநெறுவென்றால் இன்னும் வேக வேண்டும். வெந்துவிட்டால் பச்சை வாடை போய், சுட்ட சோளக்கதிர் போல மணம் வரும்.

புளிப்புக்கு அவசரம் ஆகாது. கரைத்த மாவை முதல்நாள் இரவே மூடி வைக்க வேண்டும். ஆனால் ஆடி இங்கே குளிர்காலம் இல்லையா, ஒரு ராத்திரி போதாது. என் பாட்டி இரண்டு ராத்திரி வைப்பார், அடுப்புக்குப் பக்கத்தில். கரும்புத் தோட்டத்து லைன் வீட்டில் வாழ்ந்தவர். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் நம் ஆட்கள் முதன்முதலாக டர்பனில் வந்து இறங்கினார்கள். கேழ்வரகு கிடைக்காத ஊரில் கைக்குக் கிடைத்த மாவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். அதனால் இதை மாற்றுச்சரக்கு என்று குறைவாக நினைக்காதே, தாயி. உன் மாமியார் கேட்பது அந்தக் கூழைத்தான்.

கட்டி தட்டிவிட்டால் கொட்டிவிடாதே, சூட்டோடு வடிகட்டியில் மசித்துத் தேய்த்து எடு. காலைப் பலகாரத்துக்கு என்றால் புளிக்க வைக்க வேண்டாம், பாலும் சர்க்கரையும் போதும்.

மாஸ் (இங்கே கடையில் கிடைக்கிற புளித்த பால்) சேர்ப்பதாக இருந்தால் சூட்டில் ஊற்றாதே, திரிந்துவிடும். விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறட்டும். அதற்குள் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கி வைத்துவிடலாம்.