ஐந்தாம் பாகத்தைத் தொடலாமா?

கேள்வி: மாஃபியா தலைவன் ஒருவன் நாயகனாக வரும் காதல் தொடரில் நான்கு பாகம் படித்துவிட்டேன். நாயகியைக் கடத்திவந்து கட்டாயக் கல்யாணம் செய்கிறான். கோபம் வருகிறது, ஆனால் கீழே வைக்க முடியவில்லை. எனக்கு என்ன ஆயிற்று?

பதில்: ஒன்றும் ஆகவில்லை. இதே மாதிரி ஒரு தொடரை விடிய விடியப் படித்தவள்தான் நானும். அதில் அவன் சட்டைக் கையில் தெறித்த ரத்தத்தைக் கழுவிவிட்டு வந்து, மண்டியிட்டு அவளுடைய ஷூ லேஸைக் கட்டிவிடுவான். அந்த ஒரு பக்கத்தில் நான் காலி! பத்துப் பக்கம் தள்ளி அவள் போனைப் பிடுங்கிக்கொண்டு அறையைப் பூட்டுவான். அதற்கும் ‘அக்கறை’ என்றே பெயர். எனக்கு எரிச்சல் வந்தது அங்கேதான். பூட்டியதற்காக அல்ல, அந்தப் பெயருக்காக.

அப்புறம், இவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கதை மூச்சே விடாது. இத்தாலியின் சிசிலித் தீவில் கடைக்காரர்களிடம் மாஃபியா பிடுங்கும் மாமூலுக்கு ‘பிட்ஸோ’ என்று பெயர். அதைத் தரமாட்டேன் என்று நாளிதழில் பகிரங்கக் கடிதம் எழுதினார் அங்குள்ள பலேர்மோ நகரின் ஆடைத் தொழிலதிபர் லிபெரோ கிராஸி. 1991 ஜனவரியில் கடிதம். அதே ஆண்டு ஆகஸ்டில் அவரைத் தெருவில் சுட்டுக் கொன்றார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த நாயகனின் கோட்டு சூட்டு முன்போல் மினுங்கவில்லை.

ஐந்தாம் பாகமா? படியுங்கள். முதல் பக்கத்தில் உள்ளடக்க எச்சரிக்கை (கதையில் வன்முறை, கட்டாயம் மாதிரி என்னென்ன வரும் என்ற முன்னறிவிப்பு) இருந்தால் மட்டும் தாண்டிப் போகாதீர்கள். நான் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். ஷூ லேஸ் பக்கத்தில் வைத்த பக்கக்குறி அட்டையை இன்னும் எடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.