லா பாஸில் நான் வாங்கிய வீடு

கேள்வி: தென் அமெரிக்காவில் ஒரே ஒரு ஊருக்குத்தான் போக முடியும்; சந்தை, திருவிழா, பூர்வகுடி மக்களின் வாழ்க்கை மூன்றையும் பார்க்க வேண்டும் என்றால் எங்கே போகலாம்?

யோசிக்காமல் சொல்வேன், பொலிவியாவின் லா பாஸ். முடிந்தால் ஜனவரி 24-ஆம் தேதி அங்கே இருக்கிற மாதிரி போங்கள்.

அன்றுதான் அலசிட்டாஸ் திருவிழா தொடங்குகிறது. அங்குள்ள பூர்வகுடிகளான அய்மாரா மக்களின் மொழிச் சொல். 'என்னை வாங்கிக்கோ' என்று அர்த்தம் சொல்கிறார்கள். இந்த வருடம் உங்களுக்கு என்ன கிடைக்க வேண்டுமோ, அதைக் குட்டி வடிவத்தில் வாங்க வேண்டும். வீடு, கார், பாஸ்போர்ட், பட்டச் சான்றிதழ், விரல் நீளத்துக்கு டாலர் கட்டு. கல்யாணம் ஆகாத பெண்ணுக்குச் சேவல் பொம்மை, ஆணுக்குப் பெட்டைக்கோழி. சரியாகப் பகல் 12 மணிக்கு எல்லோரும் வாங்கியதைத் தூக்கிக்கொண்டு யாத்திரியிடம் ஓடுகிறார்கள். யாத்திரி என்றால் அய்மாரா பூசாரி. அவர் தணலில் சாம்பிராணி மாதிரி எதையோ போட்டுப் புகை காட்டி, மணியடித்து, சாராயம் தெளித்து, பூவிதழ் தூவுகிறார். அதே பொம்மையை எடுத்துக்கொண்டு அடுத்து சர்ச்சுக்கும் போகிறார்கள். இரண்டுக்கும் ஆகாது என்று அங்கே யாரும் நினைப்பதாகத் தெரியவில்லை.

இதற்கெல்லாம் தலைவர் எகேகோ, வளம் தரும் தெய்வம்: மீசை வைத்த, வாய் நிறையச் சிரிக்கிற, உடம்பெல்லாம் மூட்டை தொங்கும் குள்ள மனிதர். வீட்டில் வைத்திருப்பவர்கள் அவர் வாயில் சிகரெட் பற்றவைக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஒரு பழைய எகேகோ சிலை 2014-இல்தான் பெர்ன் அருங்காட்சியகத்திலிருந்து ஊர் திரும்பியது. 2017-இல் அலசிட்டாஸ் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது.

எல்லோரும் போகச் சொல்லும் 'சூனியக்காரிகள் சந்தை' லினாரஸ் தெருவில் இருக்கிறது. ஒரு மணி நேரம் போதும். பாதிக்கு மேல் ஸ்வெட்டரும் சாவிக்கொத்தும்தான். ஆனால் கடை வாசலில் தொங்கும் காய்ந்த லாமா கருக்கள் சுற்றுலாப் பயணிகளுக்காக வைத்தவை அல்ல. வீடு கட்டும்போது அஸ்திவாரத்தில் அதைப் புதைப்பார்கள், பச்சமாமாவுக்கு, அதாவது பூமித்தாய்க்குக் காணிக்கையாக. ஆகஸ்ட் மாதம் முழுக்க அவளுக்குப் படையல் உண்டு.

நிஜமான சந்தை மேலே, மேட்டில் இருக்கும் பக்கத்து ஊரான எல் ஆல்டோவில். வியாழனும் ஞாயிறும் கூடுகிறது. பேர் 16 டி ஹூலியோ. 2014-இல் ஓட ஆரம்பித்த கேபிள் காரின் சிவப்பு வழித்தடத்தில் ஏறினால் கல்லறைத் தோட்டத்துக்கும் வீட்டுக் கூரைகளுக்கும் மேலே மிதந்துபோய் நேராக அங்கேயே இறங்கலாம். கார் கதவு, பழைய கோட்டு, நாய்க்குட்டி, எல்லாம் ஒரே வரிசையில் கிடக்கும். கூழாங்கல் மாதிரி கறுப்பாகக் குவித்திருப்பது சூன்யோ: உருளைக்கிழங்கை ராத்திரிப் பனியில் உறையவிட்டு, காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து, வெயிலில் காயவைத்தது. வருடக்கணக்கில் கெடாது. ருசி? பழகினால் பிடிக்குமாம்.

அப்புறம், உயரம். லா பாஸே சுமார் 3,600 மீட்டர், எல் ஆல்டோ 4,000-க்கும் மேல். நான் இறங்கிய அன்றே நடக்கக் கிளம்பி, இரண்டு நாள் தலைவலியோடு படுத்துக் கிடந்தேன். கோகா இலைத் தேநீர் எங்கும் கிடைக்கும், குடிக்கலாம். ஆனால் இலையை ஊருக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள், கேஸாகிவிடும். சைவக்காரர்கள் 'ப்ளாட்டோ பாசேன்யோ' கேளுங்கள்: சோளம், பெரிய அவரைப் பயறு, உருளை, பொரித்த சீஸ். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

குடைப் பாவாடையும் வட்டத் தொப்பியுமாகக் கடை நடத்தும் பூர்வகுடிப் பெண்களை, அதாவது சோலிட்டாக்களை, கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அந்த உடையோடு வந்ததற்காகவே நல்ல ஓட்டல்களிலும் முரியோ சதுக்கத்திலும் ஒருகாலத்தில் விரட்டப்பட்டவர்கள். முதலில் ஏதாவது வாங்குங்கள், பேசுங்கள், பிறகு கேளுங்கள். இரண்டு சொல் தெரிந்தால் போதும். ஒன்று 'கசேரா', வாடிக்கைக்காரம்மா என்கிற மாதிரி. உங்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், ஆணாக இருந்தால் 'கசேரோ'. இன்னொன்று 'யாப்பா'. நம் கொசுறுதான், ஒரு இம்மி வித்தியாசமில்லை.

அலசிட்டாஸில் தீப்பெட்டி அளவு வீடு ஒன்று வாங்கினேன். கடைக்கார அம்மா அதை என் கையிலிருந்து பிடுங்கி, கீழே கடை வைத்த மாடி வீட்டைக் கொடுத்தார். கடை இருந்தால்தான் வீடு தன் கடனைத் தானே அடைக்குமாம். பேரம் முடிந்ததும், 'கசேரா, யாப்பா?' என்றேன். சிரித்துவிட்டு, கட்டைவிரல் அளவு சிமென்ட் மூட்டை ஒன்றைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்.

வீடு இன்னும் அமையவில்லை. சிமென்ட் மூட்டை தயாராக அலமாரியில் இருக்கிறது.